பந்தைச் சும்மா வைத்திருத்தல்

ஜூலை 8, திங்கள்

யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருக்கிறது. வீட்டில் கொட்ட முடியாது. வாயைத் திறந்தால் வீட்டுக்காரர் கதிரேசன், "அவ உனக்குத் தங்கச்சி மாதிரி" என்று ஆரம்பிப்பார். தங்கச்சியாம். கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்தி எந்தக் கல்யாணத்தில் தங்கச்சி ஆனாள்?

மாடியில் குடியிருப்பவள் போதாதென்று இன்று முதல் மைதானத்திலும் அவள்தான். கல்லூரித் தாளாளர் கையோடு அழைத்துவந்து, "கனி மேடம், இனிமே தங்கபுஷ்பம் உங்களுக்கு உதவிப் பயிற்சியாளர்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சேர்ந்த அன்று ஒரு ஈ காக்கைகூடத் தட்டவில்லை.

எல்லாம் இந்த லக்ரோஸால் வந்த வினை. கோவில்பட்டியில் யாரை எழுப்பிக் கேட்டாலும் ஹாக்கி என்பார்கள். நான் கபடி. இரண்டையும் விட்டுவிட்டு, நுனியில் வலைப்பை கட்டிய மட்டையை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, பந்தை அந்தப் பையிலேயே பிடித்து, பையிலேயே சுமந்து ஓடி, பையிலிருந்தே கோலுக்குள் எறியுங்கள் என்றால் என்ன ஆட்டம் இது? குறைவான அணிகள், அதனால் சீக்கிரம் பதக்கம் என்று தாளாளர் கணக்குப் போட்டார். பத்து நாள் பயிற்சி முகாமுக்கு என்னைத்தான் முதலில் கேட்டார். பழம் பறிக்கிற தொரட்டியைத் தூக்கிக்கொண்டு என்ன முகாம் என்று நான் போகவில்லை. புஷ்பம் போனாள்.

ஆனால் ஒன்று. மாநிலப் போட்டியில் ஜெயிக்கிற அணியின் தலைமைக் கோச்தான் தமிழ்நாடு அணியோடு தேசியப் போட்டிக்குப் போவார். நீலக் கோட்டு, நெஞ்சில் மாநில முத்திரை. கபடியில் மூன்று முறை அந்தக் கோட்டு என் தோள்வரை வந்து நழுவிப்போனது. தொரட்டியோ துடைப்பமோ, இந்த முறை அதைப் போட்டுக்கொள்ளாமல் விடமாட்டேன். தலைமைக் கோச் நான்தான். அவள் உதவி.

ஜூலை 12, வெள்ளி

மொட்டைமாடிக் கொடியில் என் டிராக் பேண்ட்டுகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் சேலையை நீளமாக விரித்திருக்கிறாள். வெயில் எல்லோருக்கும் பொதுதான் என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஜூலை 20, சனி

மதுரைக் கல்லூரியோடு பயிற்சி ஆட்டம். மூன்றுக்கு ஒன்பது. உதை என்றால் உதை.

என் பிள்ளைகளில் பாதிப் பேர் கபடிக்காரிகள். கேப்டன் காளீஸ்வரி என் கையில் வளர்ந்த ரெய்டர். கபடியில் தனியாகப் போக வேண்டும், மூச்சு இருக்கிறவரைதான் ஆட்டம், தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதே வேகத்தில்தான் இங்கேயும் போனாள். பந்து கிடைத்ததும் ஒரே பாய்ச்சல், ஒரே எறி. கோல் கீப்பர் தடுத்தாள், பந்து போயிற்று. திரும்பவும் பாய்ச்சல், திரும்பவும் போயிற்று. மதுரைப் பிள்ளைகள் அவசரமே படவில்லை. மட்டையை நெஞ்சோடு வைத்துத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டு நின்றார்கள். அப்படி ஆட்டினால்தான் பந்து பையிலிருந்து விழாது. நிற்பார்கள், பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுப்பார்கள், திரும்ப வாங்குவார்கள். நம் பிள்ளைகள் பொறுமை இழந்து ஓடிப்போய் விழுந்ததும் அந்தச் சந்தில் கோல்.

புஷ்பம் சொல்வது: "பந்து நம்மகிட்ட இருக்கையில அவங்க கோல் போட முடியாதுல்லக்கா."

நாமும்தான் போட மாட்டோம் என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பியதே இல்லை.

கடைசிக் கால்மணி நேரம் அவள் கையில் விட்டேன், தலைவலி என்பதால். இந்த ஆட்டத்தில் ஒரு கூத்து, கோல் கம்பத்துக்குப் பின்னாலும் மைதானம் உண்டு. அங்கே பந்தைக் கொண்டுபோய் நிற்கச் சொன்னாள். எதிரணி முழுக்கத் தன் கோலையே பார்த்துத் திரும்பி நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் கால்மணி நேரத்தில் மதுரை கோல் போடவில்லை. அவர்களும் களைத்திருப்பார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

ஆட்டுக்கறி. புஷ்பம் மேலேயிருந்து கிண்ணத்தில் குழம்பு கொடுத்துவிட்டாள். உப்புக் குறைவு. கதிரேசன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

ஜூலை 31, புதன்

இன்று நடந்ததற்குத் தமிழைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல் அணி வந்திருந்தது. ஆறுக்கு ஆறு. முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. காளீஸ்வரி பையில் பந்து. அந்தப் பக்கத்து ஒல்லிப்பெண் ஒருத்தி அவள் மட்டையைத் தட்டித் தட்டி வம்புக்கு இழுத்தாள். காளீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது, திருப்பி முட்டப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "விடு, விடு" என்று கத்தினேன். அந்தச் சனியனை விடு, கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். ஊரில் சண்டையை விலக்குகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

அவள் பந்தை விட்டாள். வாங்குவதற்கு ஆளே இல்லாத வெட்டவெளியில் எறிந்தாள். ஒல்லிப்பெண் எடுத்தாள், ஓடினாள், முடிந்தது.

கேட்டால், ஹாக்கியிலிருந்து வந்த எப்சிபா முன்னால் வந்து, "மேம், நீங்கதான விடுன்னீங்க" என்கிறாள். விடு என்றால் விட்டுவிடுவதா? மூளை எங்கே போயிற்று என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். காளீஸ்வரி அழுதாள். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். பயிற்சியில் அழுகிறவள் போட்டியில் அழமாட்டாள்.

புஷ்பம் ஓடி முடித்தவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு அந்தச் சொல்லையே மைதானத்தில் யாரும் சொல்லக் கூடாது என்றாள். நிதானிக்க வேண்டும் என்றால் 'ஆறட்டும்', பாய வேண்டும் என்றால் 'கொதி'. விளையாட்டா, சமையலா என்றேன். "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையாம்பாங்கள்லக்கா" என்றாள். பிள்ளைகள் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்குகிறவர்களை எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 3, சனி

'ஆறட்டும்' என்று கூப்பிட்டுப் பார்த்தேன், ஒருமுறை. என் வாயில் அது 'ஓடு' மாதிரி வருகிறதாம். எப்சிபா சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு வாய் நீளம்.

ஆகஸ்ட் 14, புதன்

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

காலையில் சிலிண்டர்காரன் வருவான் என்று காத்திருந்ததில் பயிற்சிக்குத் தாமதம். நான் வருவதற்குள் புஷ்பம் ஆரம்பித்துவிடட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கல்லூரிக் கேட்டில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே யாரோ ஒரு பொம்பளை கத்துகிற சத்தம் கேட்டது. கரகரவென்று, தெருக்குழாயடிச் சண்டை மாதிரி. யாருடைய அம்மாவாவது சண்டைக்கு வந்துவிட்டாளோ என்று நினைத்தேன். வேகமாக நடந்தேன்.

"போ போ போ. ஏறு. என்னத்தப் பாக்க? எறி பிள்ள. ஐயோ, எருமை, எறி."

மைதானத்தில் அம்மா யாரும் இல்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலிமேல் கொழுந்தனின் ஸ்பீக்கர் பெட்டி. சத்தம் அதிலிருந்து வந்தது. கத்துவது நான்தான்.

அதைவிடக் கொடுமை, பிள்ளைகள் ஆடிய ஆட்டம். பெட்டி 'ஏறு ஏறு' என்று அலறுகிறது. காளீஸ்வரி கோலுக்குப் பின்னால் பந்தைத் தொட்டிலாட்டிக்கொண்டு நிற்கிறாள். எப்சிபாவுக்குக் கொடுக்கிறாள், வாங்குகிறாள். பெட்டி 'எருமை' என்கிறது. ஒருத்தி கண்ணிலும் சலனமில்லை. எதிரே தடுத்து ஆடியவர்கள் தாங்க முடியாமல் இடம் விட்டு ஓடிவந்தார்கள். அப்போது எப்சிபா "கொதி" என்றாள். ஒரே வீச்சு, கோல். அவ்வளவு அழகான கோலை இந்த மைதானத்தில் நான் பார்த்ததில்லை. என் தொண்டைக்குக் காது கொடுக்காமல் இருப்பதற்குப் பழகிய பயிற்சி அது.

புஷ்பம் என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்தாள். முகம் வெளிறிவிட்டது. சத்தமான மைதானத்தில் ஆடிப் பழக வேண்டும் என்றுதான், கையில் கிடைத்த சத்தத்தைப் போட்டேன் என்றாள். ஊரில் வேறு சத்தமே இல்லையா? லாரி ஹாரன் இல்லையா? கொடை விழா மேளம் இல்லையா?

"உங்க சத்தத்துக்குத்தான்க்கா புள்ளைங்க கை உதறுது" என்றாள்.

இருபது பேர் முன்னால். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. கொழுந்தன் வந்து கேட்கட்டும், பார்த்துக்கொள்கிறேன். அவமானத்தில் காது இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மிட்டாய். புஷ்பம் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நகர்ந்து நின்றேன்.

ஆகஸ்ட் 17, சனி

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. கூட்டுக்கு வெள்ளைப்பூசணி நறுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பொத்தானை அமுக்கினால் அதுவே பாடுகிற மாதிரி வைத்திருக்கிறாள்.

முழுவதும் கேட்டேன். பெட்டியில் கோளாறு இருக்கிறது, உயர்ந்த குரலையெல்லாம் கிழித்துவிடுகிறது. நான் இப்படிக் கத்துவதில்லை. ஓர் இடத்தில் காளீஸ்வரியின் அப்பாவை இழுத்து ஏதோ சொல்கிறது பெட்டி. அவர் தீப்பெட்டி ஆபீஸ் விபத்தில் போனவர். அதை நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. கோபத்தில் சொல்வதெல்லாம் சொல்வது ஆகுமா?

பூசணியை மிகவும் பொடியாக நறுக்கிவிட்டேன். கூட்டு குழைந்துபோயிற்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பெட்டியை மாடிப்படியில் வைத்துவிட்டேன். காலையில் இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஒரு வாரமாக நான் கத்தவில்லை. தொண்டைக்கட்டு. பிள்ளைகள் தேறிவிட்டார்கள், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்று பந்தைப் பிடுங்க முடியாமல் ஆண்கள் கல்லூரி ஹாக்கிப் பையன்களே மூச்சு வாங்கினார்கள். இரண்டு மாதம் நான் போட்ட அடித்தளம் சும்மா போகுமா?

அவளோடு பேச்சில்லை. மைதானத்தில் வேலைப் பேச்சு மட்டும். "கோன்களை எடு." "எடுத்தாச்சு." இதுவே அதிகம்.

செப்டம்பர் 12, வியாழன்

திருச்சி வந்து சேர்ந்தோம். விடுதியில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. நடுவில் பைகளை வரிசையாக வைத்துவிட்டேன்.

மாலையில் கோச்சுகள் கூட்டம். தேர்வுக் குழுவின் தலைவர், வழுக்கை விழுந்த, நிதானமான மனிதர். ஜெயிப்பது மட்டும் போதாது, இறுதி ஆட்டத்தில் பெஞ்சில் நின்று யார் அணியை நடத்துகிறார் என்று குழு பார்க்கும் என்றார். போன வருஷம் பேருக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர் என்று ஏமாற்றிவிட்டார்களாம். "கடைசிவரைக்கும் யாரு நிக்கிறாங்களோ அவங்கதான் மாநிலக் கோச்" என்றார். எனக்குப் பரம திருப்தி. இருபது வருஷமாக நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

அரையிறுதி ஜெயித்தோம். ஒரே ஒரு கோலில். அப்படி முடிந்திருக்கக் கூடாத ஆட்டம் அது.

நான்கு கோல் முன்னால் இருந்தோம். கடைசிக் கால்பகுதி. பந்து நம்மிடம், பேசாமல் வைத்திருந்தால் போதும். வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தொண்டை சரியாகிவிட்டிருந்தது எனக்கு. எதிரணி மூச்சு வாங்குகிறது, இன்னும் இரண்டு போட்டால் என்ன என்று தோன்றியது. "ஏறு பிள்ள" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். காளீஸ்வரி துள்ளிப் பாய்ந்தாள். பந்து போயிற்று. அடுத்தடுத்து மூன்று கோல் வாங்கினோம். விசில் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் அவ்வளவுதான். வெயிலில் கண்ணும் கூசியது.

எப்சிபாவைத் தனியாகக் கூப்பிட்டேன். அந்தப் பெட்டிச் சத்தத்தில் கல் மாதிரி நின்றீர்களே, இன்று ஒரு வார்த்தைக்கு ஏன் ஆடிப்போனீர்கள் என்று கேட்டேன். திட்டுவதற்குக் கூப்பிடவில்லை, நிஜமாகவே கேட்டேன்.

மட்டை வலையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "ஸ்பீக்கர்னா பழகிட்டு மேம். நேர்ல நீங்க நிக்கையில பயமா இருக்கு."

போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இறுதி ஆட்டம். எதிரே மதுரை.

ஏழுக்கு ஆறு என்று நாங்கள் முன்னால். கடைசிப் பகுதியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் வாயில் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றேன், ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தேர்வுக் குழுக்காரர்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காளீஸ்வரி பந்தைக் கோலுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மதுரைப் பிள்ளைகள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் வருகிறார்கள். அவள் அவர்களைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எப்சிபாவைப் பார்க்க வேண்டும். அவள் பார்த்தது என்னை. மட்டை ஆடிக்கொண்டிருக்கிறது, கண் மட்டும் என் வாயில் இருக்கிறது. பந்து பையின் விளிம்புவரை வந்து வந்து போயிற்று. எப்படியோ தப்பித்து எப்சிபாவுக்குக் கொடுத்தாள். திரும்பக் கைக்கு வந்ததும் திரும்பவும் என்னைப் பார்த்தாள். நான் துண்டைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறேன், பிள்ள. நான் ஒன்றும் சொல்லவில்லையே. பேசாமல் நிற்கிற என்னைக் கண்டும் அந்தப் பெண்ணின் கை உதறியது.

எனக்குத் தாகமாக இருந்தது.

பெஞ்சுக்குக் கீழே தண்ணீர் கேன் இருக்கிறது, தெரியும். அது வெந்நீராகிவிட்டிருந்தது. மைதானத்துக்குப் பின்னால், பார்வையாளர் மேடைக்கு அந்தப் புறம் ஒரு குழாய் இருப்பதைக் காலையில் பார்த்திருந்தேன். துண்டைப் புஷ்பத்தின் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன். குழுக்காரர்களின் முன்னால்தான் நடந்தேன், வேறு வழி இல்லை. வழுக்கைத் தலைவர் என்னையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார்.

குழாயடியிலிருந்து மைதானம் தெரியாது. சத்தம்தான் கேட்கும். மதுரைக் கோச் கத்துவது கேட்டது. "புடுங்கு, புடுங்கு, என்ன செய்றீங்க." நல்ல தொண்டை. எங்கள் பக்கமிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. பந்து அந்தப் பக்கம் போயிருந்தால் மதுரைக் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆர்ப்பரிக்கவில்லை. மதுரைக் கோச்சின் தொண்டை கட்டிக்கொண்டு வருவது இங்கேயே தெரிந்தது. எங்கள் பக்கம் அதே அமைதி. என் வாழ்க்கையில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் கேட்டதில்லை. அழுகை வந்தது. முகத்தைக் கழுவினேன்.

நீண்ட விசில். அப்புறம்தான் நம் பிள்ளைகளின் கூச்சல்.

நான் போனபோது புஷ்பத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். அவள் இறங்கி என்னிடம் வந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் சொந்தப் பேச்சு.

"எங்கக்கா போயிட்டீங்க?"

"தண்ணி குடிக்க."

"இவ்வளவு நேரமா?"

"குழாயில மெதுவாத்தான் வந்துச்சு."

என்னையே பார்த்தாள். அழுவாளோ என்று பயந்து, துண்டை எங்கே போட்டுத் தொலைத்தாய் என்று அதட்டினேன்.

பரிசளிப்புக்கு முன் குழுத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். விளையாட்டை மெதுவாக்கி, பந்தைக் காப்பாற்றிக் கடைசிவரை நடத்தியது அந்த உதவிப் பயிற்சியாளர்தானே என்று கேட்டார். நீங்கள் அவசரமாகப் போனதற்கு ஏதாவது காரணம் இருந்தால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்றார். நல்ல மனிதர், வாசலைத் திறந்தே வைத்தார். வயிற்றுவலி என்று ஒரு வார்த்தை சொன்னால் கோட்டு எனக்கு. வாய்வரை வந்தது.

"அவதான் சார்" என்றேன். "எவ்வளவு சீண்டினாலும் அவளுக்குக் கோவமே வராது. கூட இருக்கறவங்களுக்கு அது பெரிய இம்சை. ஆட்டத்துக்கு நல்லது."

எழுதிக்கொண்டார். எழுதும்போது பேனா தீர்ந்து, என் பேனாவைக் கேட்டு வாங்கினார். அதையும் கொடுத்தேன்.

வரும் வழியில் வேனில் ஒரே பாட்டு. விருதுநகர் தாண்டியதும் காளீஸ்வரி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதக்கத்தைக் கையில் பிடித்திருந்தாள். சந்தோஷத்தில் முகம் வீங்கியிருந்தது.

"மேம், திரும்பிப் பாத்தேன், நீங்க இல்ல. அப்புறம் கை உதறவே இல்ல மேம்."

நன்றி சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறாள். வஞ்சகம் தெரியாத பிள்ளை. ஊசியைப் பூ என்று நினைத்து நீட்டுகிறாள். வலித்தது, நன்றாகவே வலித்தது. தலையைத் துவட்டாமல் ஜன்னல் ஓரம் உட்காராதே, சளி பிடிக்கும் என்று அதட்டி அனுப்பினேன். அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

தையற்காரர் வந்து புஷ்பத்துக்குக் கோட்டு அளவு எடுத்துவிட்டுப் போனார். தோளில் கொஞ்சம் தளர்த்தி வைக்கச் சொன்னேன், கையைத் தூக்கினால் பிடிக்கும். இந்த விஷயமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்.

சாயங்காலம் கீழே இறங்கி வந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தேசியப் போட்டிக்கு என்னையும் கூட வரச் சொன்னாள். நம் பிள்ளைகள் ஐந்து பேர் மாநில அணியில் இருக்கிறார்கள், தாளாளரிடம் பேசிவிட்டாளாம், பயணச் செலவைக் கல்லூரி கொடுக்குமாம். பார்வையாளர் பக்கம் உட்காரலாம், பிள்ளைகளுக்குத் தைரியமாக இருக்கும் என்றாள். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவள்.

"சும்மா உக்காந்து பாருங்கக்கா, போதும்."

சோப்பு நுரையைக் கழுவி, தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"வந்தா சும்மா இருக்க மாட்டேன் புஷ்பம். அதான் வரல."